2520 ஒரே எண்ணும் அல்ல, ராமானுஜன் கண்டுபிடித்ததும் அல்ல

“1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் ஒரே எண் 2520, அதைக் கண்டுபிடித்தவர் ராமானுஜன்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. அவ்வாறு வகுபடும் எண்களில் 2520 மிகச் சிறியது என்பது மட்டுமே உண்மை. 5040, 7560 என அதன் மடங்குகள் அனைத்தும் அப்படியே வகுபடும். கைப்பேசிக் கணிப்பானில் 5040-ஐ 7-ஆல் வகுத்தால் 720, 8-ஆல் 630, 9-ஆல் 560 என்று வருவதை நீங்களே பார்க்கலாம்.

8, 9, 5, 7 ஆகியவற்றைப் பெருக்கினால் கிடைக்கும் இந்த 2520, பள்ளிப் பாடநூலில் உள்ள மீச்சிறு பொது மடங்குதான்; அதைக் காணும் முறையைச் சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் விளக்கிவிட்டார். ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தம்மைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியது. 48 வகுத்திகள் கொண்ட 2520 அவற்றுள் ஒன்று. அந்த அரிய உழைப்பை மறைத்து, அவர் செய்யாததை அவர் பெயரில் ஏற்றுவது அவருக்குப் பெருமை சேர்க்காது. இச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.