பில்ட் ஆச்சா, அவ்வளவுதானா?

கர்னல் டிரைவர் (ஒரு சாமானை லினக்ஸின் மையமான கர்னலோடு பேசவைக்கிற நிரல்) எழுதி சாமானோடு சேர்த்து விற்கிறவர்களே, பில்டில், அதாவது எழுதியதை ஓடுகிற வடிவமாக்கும்போது, ஒரு எரர் வந்தால் அது என்ன சொல்கிறது என்று ஒரு தடவையாவது படிப்பீர்களா? இல்லை, அதன் வாயை அடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இந்தக் குறுவையில் நானும் என்னோடு வேலை செய்கிறவர்களும் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எரிகிற சூட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

மன்னார்குடியில் சின்னப் பட்டறை எங்களுடையது. வாய்க்கால் மதகில் மாட்டி நீர்மட்டம் பார்க்கும் பெட்டி செய்கிறோம். உள்ளே ஒரே கோர் உள்ள 32 பிட் ஆர்ம் போர்டு, அதில் லினக்ஸ், தண்ணீரைப் பார்த்துத் தலைகீழாக நிற்கும் அல்ட்ராசோனிக் சென்சார், இரண்டு வரி எல்சிடி, எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு மோடம். பெரிய ராக்கெட் சமாச்சாரம் எதுவும் இல்லை. ஆனால் அது காட்டுகிற எண்ணை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, முறை வைத்து விட்டு, கடைமடைக்கு வந்து சேர நாளாகும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நிலம் வைத்திருப்பவருக்கு, மேலே மதகில் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்தால்தான் நாற்றுப் பறிக்கலாமா, நடவுக்கு ஆள் சொல்லலாமா, என்ஜினுக்கு டீசல் வாங்கலாமா என்று முடிவெடுக்க முடியும்.

அப்படி ஒருவர்தான் போன் செய்தார். "தம்பி, ஒங்க பொட்டி ஒன்றரை அடி தண்ணிங்குது. நான் வாய்க்கால்லதான் நிக்கிறேன், கணுக்கால் நனையல. நாத்துப் பறிச்சாச்சு, நடவாளு வரப்புல வந்து ஒக்காந்திருக்கு. இப்ப நான் என்ன செய்ய?" அவருக்கு என்ன பதில் சொல்வது? அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு எங்கே என்று தேடிப் போனால், போய் நின்ற இடம் எல்சிடி. தண்ணீரை அளப்பது ஒரு சாமான், எண்ணைக் காட்டுவது வேறொரு சாமான். ஒன்றின் டிரைவர் இன்னொன்றின் கணக்கைக் கெடுத்திருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். இதே கோப்பு இன்னும் எத்தனை பேர் போர்டில் ஓடுகிறதோ தெரியாது.

அந்த எல்சிடி பழைய எச்டி44780 வகை. திரையைத் துடைக்கிற கட்டளை கொடுத்தால் முடிக்க 1.52 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும், மற்ற பெரும்பாலான கட்டளைகளுக்கு 37 மைக்ரோ செகண்ட் போதும். டேட்டாஷீட்டில் பட்டியல் போட்டு எழுதியிருக்கிறார்கள், ஒளிவு மறைவு கிடையாது. முடித்துவிட்டாயா என்று அதனிடமே கேட்க பிஸி ஃபிளாக் என்று ஒன்று உண்டு. ஆனால் ஒரு பின்னை மிச்சம் பிடிக்க ஆர்/டபிள்யூ (படி/எழுது) காலை கிரவுண்டில் கட்டிவிடுவதால் படிக்க வழியில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். சரி, காத்திரு. எவ்வளவு நேரம்? துடைக்கும்போது மட்டும் 1.52-க்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதானே? எல்சிடியோடு சேர்த்து எங்களுக்கு வந்த டிரைவரில் ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் யூடிலே 5000, அதாவது 5000 மைக்ரோ செகண்ட் நில், என்று இருந்தது. 5000 எங்கிருந்து வந்தது? கமென்ட் இல்லை, காரணம் இல்லை. திரையில் எழுத்து ஒழுங்காகத் தெரிகிற வரை கூட்டிக்கொண்டே போய், தெரிந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அதை எங்கள் போர்டுக்கு பில்ட் செய்தபோது பில்டில் ஒரு சோதனைக் கட்டமான மாட்போஸ்ட் நிறுத்திவிட்டது: பேட்_யூடிலே என்ற சிம்பல், அதாவது அந்தப் பெயருள்ள ஃபங்ஷன், இல்லையாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இது கர்னல் எழுதியவர்கள் வேண்டுமென்றே வைத்த பொறி. யூடிலே என்பது சிபியூவைச் சும்மா சுற்றவிட்டு நேரம் போக்குகிற ஃபங்ஷன். அது சுற்றுகிற வரை அந்தக் கோர் வேறு எந்த வேலையும் பார்க்காது. அதனால் ஒரு எல்லை போட்டிருக்கிறார்கள். 32 பிட் ஆர்மில் 2000 மைக்ரோ செகண்ட், எக்ஸ்86-இலும் 64 பிட் ஆர்மிலும் 20,000. அதற்கு மேல் ஒரு மாறாத எண்ணைக் கொடுத்தால், எங்கேயுமே எழுதப்படாத ஒரு ஃபங்ஷனை அது கூப்பிடும். லிங்க் ஆகாது, பில்ட் நிற்கும். அந்த ஃபங்ஷன் வேண்டுமென்றேதான் இல்லை, இது கண்ணில் பட்டால் நீங்கள் யூடிலேவுக்கு அளவுக்கு மீறிய எண் கொடுத்திருக்கிறீர்கள் என்று ஆர்ம் ஹெடர் கோப்பிலேயே கமென்ட் இருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒருவர் எச்சரிக்க முடியுமா? விற்றவர்கள் 64 பிட் மெஷினில் பில்ட் செய்து பார்த்திருக்கிறார்கள், அங்கே 5000 எல்லைக்குள் அடங்கிவிட்டது, அனுப்பிவிட்டார்கள்.

எரரை அப்படியே எழுதி அனுப்பினோம். பதிலுக்கு ஒரு பேட்ச், அதாவது திருத்தம், வந்தது. திறந்து பார்த்ததும் ரத்தம் கொதித்தது. பேட்_யூடிலே என்ற பெயரில் இவர்களே ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறார்கள். உள்ளே ஒரு வரி கிடையாது, வெறும் அடைப்புக்குறி. அபாயம் என்று எழுதி மாட்டிய பலகைக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, ரோடு சரியாகிவிட்டது என்கிறார்கள்! எரர் போய்விட்டது, பில்ட் ஓடிவிட்டது. அதோடு தாமதமும் போய்விட்டது. 5000 மைக்ரோ செகண்ட் நிற்க வேண்டிய இடத்தில் அந்தக் காலி ஃபங்ஷனைத் தொட்டுவிட்டு உடனே திரும்புகிறது. எல்சிடி பழைய கட்டளையை முடிக்கும் முன்னே அடுத்தது போய் விழுகிறது. திரை முழுக்க அர்த்தமில்லாத கட்டமும் புள்ளியும்.

இதை எழுதியவர் படித்தவர்தானே? ஒரு சிம்பல் இல்லை என்றால் அது ஏன் இல்லை என்று கர்னல் சோர்ஸில் தேடிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? தேடினால் முதலில் வருவதே அந்தக் கமென்ட்தான்.

மறுபடி புகார் செய்தோம், மறுபடி ஒரு பேட்ச். இந்தத் தடவை யூடிலேவை எடுத்துவிட்டு, மில்லி செகண்டில் காத்திருக்கிற எம்டிலே 5 போட்டிருந்தார்கள். எம்டிலே உள்ளே ஆயிரம் ஆயிரம் மைக்ரோ செகண்டாக உடைத்துச் சுற்றுவதால் பொறியில் மாட்டாது. பில்ட் ஆனது, திரையும் அழகாக வந்தது. ஆனால் அந்த எம்டிலே உட்கார்ந்திருந்த இடத்தைப் பாருங்கள். இன்டரப்டை, அதாவது சாமான்கள் சிபியூவைக் கூப்பிடுகிற குறிப்பை, நிறுத்திப் பிடிக்கிற ஸ்பின்லாக் என்ற பூட்டுக்கு உள்ளே! ஒரே கோர் உள்ள போர்டில் ஒவ்வொரு எல்சிடி கட்டளைக்கும் ஐந்து மில்லி செகண்ட் எந்த இன்டரப்டும் நுழைய முடியாது. ஒரு வரி எழுத 16 எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து.

இனி சென்சார் பக்கம் வாருங்கள். அதற்கு 10 மைக்ரோ செகண்ட் துடிப்பு ஒன்று கொடுத்தால் ஒலியை அனுப்பிவிட்டு எக்கோ காலை உயர்த்தும், ஒலி திரும்பி வந்ததும் தாழ்த்தும். உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் நடுவே உள்ள நேரம்தான் தூரம். போய்த் திரும்ப ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் 58 மைக்ரோ செகண்ட். ஒரு மில்லி செகண்ட் பிசகினால் 17 சென்டிமீட்டர் பிசகும். துடிப்பைக் கொடுத்துவிட்டு சென்சார் டிரைவர் ஒழுக்கமாகத் தூங்கப் போகிறது. காலியான சிபியூவில் எல்சிடி எழுந்து, இன்டரப்டை மூடிவிட்டு, எம்டிலேவில் உட்காருகிறது. அந்த நேரம் பார்த்து எக்கோ கால் உயர்கிறது, பார்க்க ஆளில்லை. கதவு திறந்த பிறகுதான் நேரம் குறிக்கப்படுகிறது. தொடக்கம் தாமதமாகக் குறிக்கப்பட்டால் இடைவெளி சுருங்கும், தூரம் குறையும், தண்ணீர் உயர்ந்துவிட்டதாகக் காட்டும். இரண்டரை மில்லி செகண்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை அடி. கணுக்கால் நனையாத வாய்க்காலில் ஒன்றரை அடி தண்ணீர் வந்த கதை இதுதான்.

பல தடவை அளந்து நடுவில் உள்ளதை எடுத்தால் சரியாகிவிடுமே என்பீர்கள். ஆகவில்லை. அளப்பதும் திரையைப் புதுப்பிப்பதும் ஒரே டைமரில் எழுகின்றன, பிசகு ஒவ்வொரு அளவிலும் விழுகிறது. வெயிலில் ஒலியின் வேகம் கூடுவதால் வரும் வித்தியாசத்தையாவது வெப்பநிலையை வைத்துத் திருத்தலாம். இதை எதை வைத்துத் திருத்துவது?

விற்றவர்களிடம் கேட்டால், லாக் உள்ளே தூங்கக் கூடாது, தூங்கினால் ஷெட்யூலிங் வைல் அட்டாமிக் என்று கர்னல் கத்தும், அதனால்தான் எம்டிலே என்கிறார்கள். அது சரிதான். ஆனால் இன்டரப்டை மூடுகிற லாக்கை எல்சிடிக்கு யார் போடச் சொன்னது? இன்டரப்ட் ஹேண்ட்லரிலிருந்து யாரும் எல்சிடியைத் தொடுவதில்லை. இன்டரப்டை மூடாத பூட்டான ஒரு மியூடெக்ஸ் போதும். மியூடெக்ஸ் என்றால் தாராளமாகத் தூங்கலாம். துடைத்த பிறகு யூஸ்லீப்_ரேஞ்ச் 1600, 2000 என்று கொடுத்தால் சிபியூ மற்ற வேலையைப் பார்க்கும், கர்னலும் அந்த இடைவெளிக்குள் தனக்கு வசதியான நேரத்தில் எழுப்பிவிடும். எம்ஸ்லீப் 2 என்று போடுகிறவர்களும் உண்டு. நொடிக்கு 100 துடிப்பு உள்ள கர்னலில் அந்த இரண்டு மில்லி செகண்ட், இருபது வரைகூடப் போகும். சின்னத் தூக்கத்துக்கு அது ஆகாது என்று கர்னல் ஆவணத்திலேயே வெகுகாலமாக எழுதியிருந்தது. எதைப் போடுவது என்று குழப்பம் என்றால் எஃப்ஸ்லீப் இருக்கிறது, 2020-இல் வந்த கர்னல் 5.8-லிருந்தே. நேரத்தைச் சொன்னால் ஏற்றதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஆர்டி, அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் தருகிற ரியல் டைம், கர்னல் போட்டுப் பாருங்கள் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். 2024 கடைசியில் வந்த 6.12-இல் ஆர்டி உள்ளே வந்துவிட்டது உண்மைதான். அதில் எக்ஸ்86, 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் மூன்றுக்குத்தான் இருக்கிறது. எங்கள் 32 பிட்டுக்கு இல்லை. இருந்தாலும்தான் என்ன, ஒருவர் போட்ட குப்பைக்கு ஊரே கர்னலை மாற்ற வேண்டுமா?

இதற்கு நடுவே இன்னொரு கூத்து. அவர்கள் டிரைவர் கர்னல் 4.19-க்கு எழுதியது. நாங்கள் 6.12-இல் இருக்கிறோம். கிளாஸ்_கிரியேட்டுக்கு ஒரு ஆர்குமென்ட் அதிகம் என்று கம்பைலர் நின்றது, 6.4-லிருந்து அது ஒன்றே ஒன்றுதான் வாங்கும். பிளாட்ஃபார்ம் டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் இன்ட், அதாவது எண், திருப்பக் கூடாது, 6.11-லிருந்து வாய்ட், எதையும் திருப்பாது. கர்னல் உள்ளே ஏபிஐ, அதாவது ஃபங்ஷன்களைக் கூப்பிடுகிற முறை, மாறத்தான் செய்யும். மாறாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, மாறும் என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். மரத்துக்குள், அதாவது கர்னலின் சொந்த சோர்ஸுக்குள், இருக்கிற டிரைவரை, ஏபிஐயை மாற்றுகிறவரே சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே வைத்து விற்றால் திருத்துகிற வேலை விற்கிறவருடையது. இவர்கள் சொன்ன பதில்: நீங்கள் 4.19-க்கே போய்விடுங்கள். 2024 டிசம்பரோடு ஆதரவு முடிந்துபோன கர்னலுக்கு! மோடம் வழியாக வெளியுலகத்தோடு பேசுகிற பெட்டியை, இனி பாதுகாப்புத் திருத்தமே வராத கர்னலில் போட்டு மதகில் மாட்டச் சொல்கிறார்கள். வாயில் வந்ததைச் சொல்லாமல் போனை வைத்தேன்.

என்னால் தாங்க முடியாதது எது தெரியுமா? இதே எல்சிடிக்குக் கர்னல் மரத்துக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. ஆக்ஸ்டிஸ்ப்ளே ஃபோல்டரில் எச்டி44780 என்ற பெயரிலேயே, 2017-லிருந்து. போர்டில் என்னென்ன சாமான் என்று கர்னலுக்குச் சொல்கிற டிவைஸ் ட்ரீயில் எந்தப் பின் எங்கே என்று சில வரி எழுதினால் வேலை முடிந்தது. விற்றவர்கள் ஒரு கோப்பும் எழுதியிருக்கத் தேவையில்லை. இருப்பதைப் பார்க்காமல், டேட்டாஷீட்டைப் பார்க்காமல், எரரைப் பார்க்காமல் எழுதி, அதற்குக் காசும் வாங்கி, ஆதரவு என்ற பெயரில் காலி ஃபங்ஷன் அனுப்புகிறார்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு மரத்தில் இருப்பதைப் போட்டோம். சென்சாரையும் கர்னலின் சென்சார் பகுதியான ஐஐஓவில் உள்ள எஸ்ஆர்எஃப்04 டிரைவருக்கு மாற்றினோம். இப்போது அளவுகோலை இறக்கிப் பார்த்தால் பெட்டி சொல்வதும் அதுவும் ஒத்துப்போகின்றன.

அந்த விவசாயிக்கு நடவாள் கூலி போனது போனதுதான். பறித்த நாற்றைக் கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு, பக்கத்து போர்வெல்லிலிருந்து குழாய் போட்டு இழுத்து நட்டார். மும்முனை மின்சாரம் இருந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வீட்டோடு இறங்கி நட்டார்கள்.

விற்றவர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. போடுகிற ஒவ்வொரு தாமதத்துக்கும் பக்கத்தில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். 32 பிட்டுக்கும் ஒரு தடவை பில்ட் செய்து பாருங்கள். அப்புறம் அந்தக் காலி பேட்_யூடிலே இருக்கிற கோப்பு இன்றைக்கும் உங்கள் டவுன்லோட் பக்கத்தில் கிடக்கிறது, இதை எழுதும் முன்னால்கூட இறக்கிப் பார்த்தேன். முதலில் அதை எடுங்கள். இன்றைக்கே எடுங்கள்.