தண்ணி எப்ப வரும்னு தமிழ்ல சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?

மலேசியாவுல, சிலாங்கூர் மாநிலத்து பெஸ்தாரி ஜெயாவுல இன்னைக்கும் குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்துதான். சிலாங்கூர் ஆத்துத் தண்ணியைச் சுத்தம் பண்ற நிலையம் நம்ம பக்கத்துலயேதான் இருக்கு, அது வேற கொடுமை.

தண்ணி கம்பெனிகிட்டேர்ந்து அறிவிப்பு வந்துச்சாம். போன்ல, ரெண்டு பக்கத்துக்கு, மலாய்ல "கங்குவான் பெக்காலான் ஆயர் தீடாக் பெர்ஜாட்வால்"னு. திடீர்னு தண்ணி தடைப்படுதுன்னு அர்த்தமாம். கோர்ட்டு சம்மன்கூட இதைவிட லேசா இருக்கும். தோட்டத்து லயத்து வீட்டுப் பாட்டிக்கு இது விளங்குமா? பாட்டி தோட்டத்து மேஸ்திரி மண்டோரைக் கேக்க, மண்டோர் மகனைக் கேக்க, மகன் "நாளைக்கு"ன்னு அடிச்சு விட, கடைசியில ஆளுக்கொரு நாள்! பங்களாதேஷ் பையன் "ஆயர் பிலா டாத்தாங்?", தண்ணி எப்ப வரும்னு மலாய்ல என்னைக் கேக்கறான். நான் யாரைக் கேக்க?

2020 செப்டம்பர்ல சுங்கை கோங் ஆத்துல கழிவு கலந்து நாலு நிலையத்தை மூடினாங்களே, அப்பவும் இதே கூத்து. வந்த தண்ணியைக் குடிக்கலாமா, துணி துவைக்க மட்டுமா? தமிழ்ல ஒரு வரி எங்க லயத்துக்கு வரலை. வாட்சாப்ல எவனோ "விஷம், தொடாதீங்க"ன்னு பேசி அனுப்புனான். பாட்டி அவனைத்தான் நம்புச்சு. நம்பாம? புரியற மாதிரி பேசுனவன் அவன் ஒருத்தன்தானே!

கூட்டமும் போடுவாங்க. கையெழுத்து வாங்குவாங்க, மைலோ குடுப்பாங்க, "கேள்வி உண்டா"ம்பாங்க. சொன்னதே புரியலை, இதுல கேள்வி வேறயா?

தேர்தல் வந்தா மட்டும் "வணக்கம்"னு முழம் நீளத்துக்குத் தமிழ் பேனர் எங்கேர்ந்துய்யா முளைக்குது?