நண்பர் வீடுதானே என்று போய் இறங்குவதற்கு முன்

வெளிநாட்டில் நண்பர் வீட்டில் இரண்டு மூன்று மாதம் தங்கப் போகிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "உன் அக்ரிமென்ட்ல வர்றவங்க எத்தனை நாள் தங்கலாம்னு இருக்கு?" முக்கால்வாசிப் பேர் கேட்பதில்லை, நண்பரும் தானாகச் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் கூச்சம். குறிப்பிட்ட நாளுக்கு மேல் தங்குபவரைப் பற்றி வீட்டு உரிமையாளரிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். மீறினால் நோட்டீஸ் உங்களுக்கு வராது, இடம் கொடுத்தவருக்குத்தான் வரும். அதேபோல, "வாடகையில் பாதி" என்று மாதாமாதம் பணம் அனுப்பினால் அது உள்வாடகைக்கு விட்ட கணக்கில் சேர்ந்துவிடலாம். வீட்டுச் செலவில் பங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவில் அச்சடித்த தேதியும் தங்க அனுமதித்த தேதியும் ஒன்றல்ல. அமெரிக்க விசா பத்து வருடத்துக்கு இருந்தாலும் நாட்டுக்குள் நுழையும்போது போடும் ஐ-94 என்ற பதிவில் உள்ள நாள்தான் கெடு. இறங்கிய அன்றே இணையத்தில் எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான். வந்த நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும், நடுவில் வெளியே போய் வந்தாலும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்காது. சீனாவில் வீட்டில் தங்குபவர் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிய வேண்டும். "சும்மாதானே இருக்கே, குழந்தையப் பாத்துக்கோ, தங்குற செலவு என்னோடது" என்ற ஏற்பாட்டையும் யோசித்துச் செய்யுங்கள். கைக்குக் காசு வராவிட்டாலும் அதை வேலை என்று பார்க்கும் நாடுகள் இருக்கின்றன.

பணத்தை முதல் வாரத்திலேயே பேசிவிட வேண்டும். "நமக்குள்ள என்ன கணக்கு" என்று விட்டால் இரண்டாம் மாதம் முகம் மாறும். மின்சாரம், தண்ணீர், கேஸ் பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பது சரியாக வராது. போன வருடம் இதே மாத பில்லை எடுத்துப் பாருங்கள், கூடுதலாக வந்தது உங்களுடையது. அதுவும் யூனிட்டில் ஒப்பிடுங்கள், கட்டணம் ஏறியிருக்கலாம். மளிகைக்கு வாரம் மாற்றி வாரம் என்று வைத்துக்கொண்டால் ரசீதை வைத்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி வீடு. சண்டையெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கும், பெரும்பாலும் தெரியாமல் செய்வதில். பல நாடுகளில் குளியலறைத் தரையில் வடிகால் இருக்காது. ஷவர் திரையைத் தொட்டிக்கு உள்பக்கமாக விடாமல் குளித்தால் தண்ணீர் தரைக்கடியில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் கறையாகத் தெரியும். ஷவரில் நிமிடத்துக்கு எட்டு முதல் பத்து லிட்டர் போகும். 150 லிட்டர் சூடுநீர்த் தொட்டி இரண்டு மூன்று நீண்ட குளியலில் காலியாகும், மறுபடி சூடாக நேரம் பிடிக்கும். ஆபீஸுக்குக் கிளம்புகிறவர் குளித்த பிறகு போங்கள். டிஷ்வாஷரில் கையால் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றினால் நுரை பொங்கிச் சமையலறை முழுக்க ஓடும். துணி டிரையரின் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். பஞ்சு அடைத்தால் துணி காயாது, தீப்பிடிக்கவும் வழியுண்டு. எண்ணெய் நன்றாகக் காயும் முன்பே புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். புகை அலாரம் கத்துகிறதே என்று பேட்டரியைக் கழற்றி வைப்பது மட்டும் கூடவே கூடாது.

பிளக் அடாப்டர் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. சார்ஜரில் 100–240 என்று இருந்தால் கவலையில்லை. 230 வோல்ட் கெட்டிலை 120 வோல்ட்டில் போட்டால் கால் பங்கு சூடுதான் கிடைக்கும். தலைகீழாகச் செய்தால் கருகும்.

ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்து ரோமிங்கில் வையுங்கள், வங்கி ஓடிபி அதில்தான் வரும். மாத்திரைகளைப் பெட்டி பிரிக்காமல், மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டோடு கொண்டுபோங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சில நாடுகளில் முன் அனுமதி வேண்டும். பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன எழுதியிருக்கிறது என்ற பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். உடம்பு புதிய நேரத்துக்குப் பழகும்வரை நடுராத்திரியில் முழிப்பு வரும். அப்போது சமையலறையில் பாத்திரத்தை உருட்டாமல் அறையிலேயே இருப்பது நல்லது.

வாரத்தில் ஒரு நாளாவது வீட்டை அவர்களுக்கு விட்டுவிட்டு வெளியே போய்விடுங்கள். இரண்டாவது சாவி வாங்கிக்கொள்ளாமல் இது நடக்காது. கிளம்பும் தேதியை வந்த வாரமே சொல்லிவிடுங்கள். மாறினால் உடனே சொல்லுங்கள், அவர்களும் வேறு யாரையாவது வரச் சொல்லியிருக்கலாம். போகும்போது டிவியில் உள்ள உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, ஆன்லைன் கடைகளில் அவர்கள் முகவரியை நீக்கிவிட்டுச் சாவியைக் கையில் கொடுங்கள்.