பல்லில் கடிக்கிற நூல்

ஆனி முகூர்த்தங்கள் தொடங்க முதல் ஒரு தங்கச்சி என்னிடம் வந்தாள். ஆறு மாதக் கோர்ஸ் முடித்திருந்தாள். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, கொஞ்ச நாள் உங்களோட நிண்டு பழகட்டோ?" என்றாள். அந்த நேரம் பார்லரில் புருவம் எடுக்க இரண்டு பேர் காத்திருந்தார்கள். சரி, செய் பாப்பம் என்று கதிரையைக் காட்டினேன்.

நூலை இழுத்தாள், அறுத்தாள், ஒரு தொங்கலைப் பல்லில் கடித்தாள், குனிந்தாள். நல்ல கை. வளைவு ஒரு மயிர் பிசகவில்லை. முடிந்ததும் நூலைச் சுருட்டி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு மற்ற ஆளைக் கூப்பிட்டாள். திரும்ப அதே நூல். எச்சில் ஊறிக் கறுத்திருந்த அதே தொங்கல் திரும்ப வாய்க்குள் போகப் போனது.

நிப்பாட்டினேன். "ஏன் அக்கா? நூல் இன்னும் மிச்சம் கிடக்குத்தானே" என்றாள். அவளைப் பிழை சொல்ல ஏலாது. அவளுக்குப் பழக்கினவவும் அப்படித்தான் செய்திருப்பா. எனக்குப் பழக்கினவவும் அப்படித்தான் செய்தவ.

நூல் மயிரை மட்டும் பிடுங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் தோலையும் கிள்ளுகிறது. அந்தக் கிள்ளலுக்குள் செய்கிறவளின் எச்சில் போகிறது. ஒருவருக்கு மரு இருந்தால் அதன் கிருமி நூலோடு மற்றவரின் நெற்றிக்கும் போகிறது, நூலைக் கடித்தவளின் வாய்க்கும் போகிறது. தொங்கலைப் பல்லில் கடிக்காமல் எங்கட கழுத்தில் சுருக்குப் போட்டும் இழுக்கலாம். கை பழக ஒரு கிழமை எடுக்கும். ஆளுக்கு ஒரு புது நூல் என்பதற்குப் பழக்கமே தேவையில்லை. நூல்கண்டு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் படித்த இடத்தின் பெயர் வேண்டாம். பதினெட்டுப் பேர், ஒரு அறை, இரண்டு கத்திரிக்கோல். முதல் நாள் "சுகாதாரமும் பாதுகாப்பும்" என்று கொப்பியில் தலைப்புப் போட்டு, சிவப்புப் பேனையால் கீழே கோடு கீறி, மூன்று பக்கம் சொல்லச் சொல்ல எழுதினோம். பிறகு ஆறு மாதமும் அந்தப் பக்கத்தை ஒருவரும் திறக்கவில்லை. மணப்பெண் அலங்காரம் பழகின கிழமை ஒரு பிள்ளை கண் சிவந்துபோய் வந்தாள். எல்லோருக்கும் ஒரே மைப் பென்சில். அடுத்த கிழமை ஒன்பது பேர் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தோம். "காத்து மாறீட்டுது, கண்நோய் திரியுது" என்றுதான் கதைத்தோம். பென்சிலை ஒருவரும் சந்தேகப்படவில்லை. அது பிறகும் அதே பெட்டியில்தான் கிடந்தது.

நாங்கள் ஊத்தைச் சனம் இல்லை. விடிய முதல் முற்றம் கூட்டித் தண்ணி தெளிக்கிறோம். சலூனுக்குப் போய் வந்த ஆம்பிளையைக் குளிக்காமல் வீட்டுக்குள் விடமாட்டோம். துடக்கு வீடென்றால் மஞ்சள் தண்ணி தெளிக்கிறோம். ஆனால் இதெல்லாம் கண்ணுக்கும் வழக்கத்துக்குமான சுத்தம். பார்லரிலும் அதையே செய்கிறோம். நிலம் பளபளக்கும், டெட்டோல் மணக்கும், கண்ணாடியில் ஒரு புள்ளி இருக்காது. லாச்சியைத் திறந்தால் நகவெட்டியின் மூட்டுக்குள் போன ஆளின் நகத்தூள் இருக்கும்.

கழுவுவது ஒன்று. கிருமியைக் கொல்லுவது இன்னொன்று. ஒரு கிருமியும், அதன் வித்துக்கூட, மிஞ்சாமல் செய்வது மூன்றாவது. படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. எண்ணெய் பிடித்த சட்டிக்கு மேல் மருந்தை ஊற்றினால் மருந்து சட்டியைத் தொடாது, எண்ணெயைத்தான் தொடும். மயிரும் வக்ஸும் ஒட்டின கருவியை மருந்தில் போடுவதும் அப்படித்தான். முதலில் சவர்க்காரமும் பிரஷும். பிறகுதான் மருந்து. மருந்துக்குள் போட்ட பிறகு நேரம்.

அந்த நேரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன், மற்றதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். வெளிநாட்டு சலூன் படங்களில் கண்ணாடிச் சாடிக்குள் நீல நிறத் தண்ணியில் சீப்புகள் நிற்குமே, பார்பிசைட் என்று பெயர். 1940களில் அமெரிக்காவில் கண்டுபிடித்தது. அங்கே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அந்தச் சாடிக்கும் ஒரு இடம் இருக்கிறது. அதன் கணக்கு, கருவி முழுக்க மூழ்கி 10 நிமிடம் கிடக்க வேண்டும். முக்கி எடுத்தால் அது நீலத் தண்ணியில் குளித்த சீப்பு, அவ்வளவுதான். ஸ்பிரிட்டும் அப்படித்தான். ஒரு துடை துடைத்து உடனே தோலில் வைக்கிறோம். 70 வீத ஸ்பிரிட்டை விட 95 வீதம் திறம் என்று நினைத்து வாங்குகிறவர்களும் உண்டு. அது பிழை. கிருமியின் புரதத்தை முறிக்க ஸ்பிரிட்டுக்குள் தண்ணியும் வேண்டும். கடும் ஸ்பிரிட் வேலையை முடிக்க முதலே காற்றில் பறந்துவிடும்.

இப்ப எல்லா இடமும் கிருமியைக் கொல்ல என்று நீல வெளிச்சம் எரிகிற ஒரு சின்ன யூ.வி. பெட்டி வருகிறது. என்னிடமும் இருக்கிறது, பொய் சொல்லேல்லை. வெளிச்சம் படுகிற பக்கத்தில்தான் அதன் வேலை. கத்திரிக்கோலின் இரண்டு அலகுக்கும் நடுவில் நிழல். சீப்பின் பல்லுக்குள் நிழல். துப்புரவாக்கின கருவியைத் தூசி படாமல் வைக்க நல்ல அலுமாரி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளருக்கு அதைக் காட்டினால் நம்பிக்கை வரும் என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். உண்மைதான், வருகிறது.

எங்கட தண்ணியைப் பற்றி ஒரு கோர்ஸிலும் கதைப்பதில்லை. வன்னியில் கேத்திலுக்குள் வெள்ளைப் படை பிடிக்காத வீடு எத்தனை? சவர்க்காரம் நுரைக்காது, திரைந்து பாசி மாதிரி மிதக்கும். தண்ணியில் கிடக்கிற அந்தக் கல்சியம் சவர்க்காரத்தோடு நிற்பதில்லை. பார்பிசைட் போன்ற அமோனிய வகை மருந்துகளின் பலத்தையும் கடினத் தண்ணி குறைக்கும். ஆகவே கிணற்றுத் தண்ணியில் கலக்கிற மருந்து, லேபிளில் எழுதினபடி வேலை செய்யும் என்று நம்ப ஏலாது. குடிக்க வாங்குகிற ஆர்.ஓ. தண்ணியில் ஒரு போத்தலை மருந்து கலக்க ஒதுக்கி வைக்கிறேன். மாமிக்கு அதில் கோபம். "குடிக்கிற தண்ணியை சீப்புக்கு ஊத்திற வீடு இதுதான்" என்று வாறவை போறவைக்கெல்லாம் சொல்லுவா.

2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் வட்சன்வில் என்ற ஊரில் ஒரு நக சலூனுக்குப் போன 110 பேருக்கு முழங்காலுக்குக் கீழே கட்டி வந்தது. மாதக்கணக்கில் ஆறாத கட்டி. தண்ணி சுழலுகிற கால் தொட்டிகள்தான் காரணம். தொட்டி மினுங்கியது. தண்ணியை உறிஞ்சுகிற வலைத்தட்டைக் கழற்றிப் பார்த்தால் பின்னுக்கு மயிரும் தோலும் அடைந்து கிடந்தது. அதற்குள் குடியிருந்த ஒரு வகைக் கிருமி, காலைச் சவரம் செய்துவிட்டு வந்தவர்களைக் கூடுதலாகப் பிடித்தது. எங்களிடம் சுழல் தொட்டி இல்லை, பிளாஸ்டிக் பேசின்தான். பேசின் என்பதால் தப்பினோம் என்றுதான் சொல்லவேணும். ஆனால் ஒரு பேசினைத் தண்ணி மட்டும் மாற்றி நாலு பேரின் காலுக்கு வைத்தால் அந்தத் தப்பும் இல்லை.

அதில் என் பிழையும் ஒன்று இருக்கிறது. பார்லர் தொடங்கின முதல் வருடம். மகளின் சாமத்தியவீட்டுக்குக் கால் துப்புரவாக்க ஒரு அன்ரி வந்தா. பெருவிரல் ஓரத்தில் தோலைக் கொஞ்சம் ஆழமாக வெட்டிவிட்டேன். ஒரு சொட்டு ரத்தம். பஞ்சை வைத்து அமத்தி, நிறப்பூச்சும் பூசி அனுப்பினேன். சீனி வருத்தம் இருக்கோ என்று கேட்கவில்லை, கேட்கவேணும் என்றே எனக்குத் தெரியாது. மூன்றாம் கிழமை அவவின் மகன் வந்து வாசலில் நின்றான். கால் வீங்கி ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்களாம். சத்தம் போடவில்லை. "அக்கா, நீங்க என்னத்தால வெட்டினீங்கள்?" என்று மட்டும் கேட்டான். விரல் தப்பியது. அவ இப்பவும் என்னைக் கண்டால் சிரிப்பா, பார்லருக்கு வரமாட்டா.

அதன் பிறகுதான் நானாகத் தேடிப் படித்தேன். மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு கிடக்கும் என்று அப்போதுதான் தெரியும். அந்த அன்ரிக்குப் பிறகு அதே கருவி எத்தனை காலுக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்து இரவு நித்திரை வரவில்லை. இலங்கையில் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி 2003இலிருந்துதான் படிப்படியாக வந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு தையல் மெசின், கோழிக்கூடு, பியூட்டி கல்ச்சர் என்று வந்த வாழ்வாதாரத் திட்டங்களில் இந்தத் தொழிலுக்கு வந்த அக்காமாரில் எத்தனை பேர் அந்த ஊசி போட்டிருப்பார்கள்? முதல் நாள் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. ஆறு மாதக் கோர்ஸ். யாரோ இதற்காகவே கணக்குப் பார்த்து வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் சேரும்போது ஒருவரும் கேட்பதில்லை.

இன்னொரு புது ஆபத்து, முகத்தில் உருட்டித் தோலைத் துளைக்கிற ஊசி உருளை. ஒன்லைனில் வாங்கி, ஒரே உருளையைப் பல முகங்களில் உருட்டுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில், சொந்த ரத்தத்தை எடுத்து முகத்தில் ஊசியால் ஏற்றுகிற பெசியல் செய்த ஒரு இடத்தில் பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் அறிக்கையாக எழுதியது. அங்கே பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் குசினி பிரிட்ஜில் சாப்பாட்டோடு இருந்தனவாம். தோலைத் துளைக்கிற வேலை எங்கட வேலையே இல்லை. அதைச் செய்யாதே என்று சொல்லிக் கொடுப்பதும் பயிற்சிதான்.

2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் கூடாரங்களுக்குள் இருந்தபோது எனக்குப் பதினாலு வயது. பேன் தாங்க முடியாமல் பிள்ளைகளின் தலையெல்லாம் ஒட்ட வெட்டினார்கள். எங்கட வரிசையில் ஒரு அம்மாவிடம்தான் கத்திரிக்கோல் இருந்தது. தண்ணிக்கு வரிசை, விறகுக்கு அடிபாடு. அப்படியிருந்தும் மனுசி ஒரு பால்மா ரின்னில் தண்ணி கொதிக்க வைத்து, ஒரு தலைக்கும் மற்றத் தலைக்கும் இடையில் கத்திரிக்கோலை அதற்குள் விட்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பா. நாங்கள் அவசரப்படுத்துவோம். "பொறு, இன்னும் எண்ணி முடியேல்லை." எந்தக் கோர்ஸும் படிக்காத மனுசி.

எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: கிருமியின் பெயரை மனனமாக்க வைத்தது போதும், பிள்ளைகளைக் காத்திருக்கப் பழக்குங்கள். என்.வி.கியூ. என்கிற தேசியத் தொழில் தகைமை மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் கொண்டையையும் புருவத்தையும் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள்! முதல் ஆளுக்குச் செய்து முடித்த பிறகு, இரண்டாவது ஆளைக் கதிரையில் இருத்திவிட்டு, அந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்று பாருங்கள். கருவியைக் கழுவுகிறாளா, மூழ்க விடுகிறாளா, மணிக்கூட்டைப் பார்க்கிறாளா, கை கழுவுகிறாளா. அதில் பிழைத்தால் கொண்டை எவ்வளவு வடிவாக இருந்தாலும் சான்றிதழ் இல்லை என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்த தொகுதி முழுக்கத் திருந்திவிடும்.

"உதென்ன, பார்லரோ ஆஸ்பத்திரியோ?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. காத்திருக்கிற நேரம் காசு. முன் விறாந்தையில் ஒரு கதிரையோடு தொழில் செய்கிறவள் 10 நிமிடம் சும்மா நின்றால், வந்த ஆள் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். அதனால்தான் உதவி செய்கிற நிறுவனங்களிடம் கேட்கிறேன், நீராவி அடிக்கிற பெசியல் மெசின் தரவேண்டாம். ஒரே கருவியில் மூன்று செட் தாருங்கள். ஒன்று கையில், ஒன்று ஊறும், ஒன்று காயும். அத்தோடு 15 பவுண்ட் அழுத்தம் வருகிற ஒரு பிரஷர் குக்கர். அந்த அழுத்தத்தில் நீராவி 121 பாகைக்குப் போகும். வெறும் கொதிதண்ணியில் சாகாத ஏற்புவலிக் கிருமியின் வித்தும் அதில் சாகும். கழுவின உலோகக் கருவியைத் துணியில் சுற்றித் தட்டில் வைத்து, அழுத்தம் வந்த பிறகு 30 நிமிடம். ஆஸ்பத்திரி ஓட்டோகிளேவ் இல்லைத்தான், லாச்சிக்குள் கிடப்பதை விட எவ்வளவோ மேல்.

கண்காணிப்பைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. சாப்பாட்டுக் கடைக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்க்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பெண்களின் பார்லர் என்றால் கூச்சத்தில் வாசலோடு கேட்டுவிட்டுப் போகிறார். கொரோனா காலத்தில் எல்லாக் கடை வாசலிலும் காலால் மிதிக்கிற கைகழுவும் தாங்கி நின்றது. எனதில் இப்ப மணிபிளான்ட் நிற்கிறது.

அந்தத் தங்கச்சி நின்றுவிட்டாள். ஆவணியில் விசுவமடுப் பக்கம் ஒரு கலியாணம், விடிய மூன்று மணிக்குப் பெண்ணை இருத்தி வேலை. நடுவில் இடுக்கி கைதவறி நிலத்தில் விழுந்தது. அவள் எடுத்துக் கழுவி மருந்துக்குள் போட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள். பெண்ணின் தாய்க்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, முகூர்த்தம் உனக்காக நிக்குமே?" என்றா. "இன்னும் ஆறு நிமிசம் இருக்கு அன்ரி" என்றாள் இவள். நான் பையிலிருந்து மற்றச் செட்டை எடுத்துக் கொடுத்தேன். குக்கரில் அவித்து, துணியில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்ட பொட்டலம். முடிச்சு அவிழவில்லை. பெண்ணின் தாய் பார்த்துக்கொண்டே நிற்க, இவள் அதைப் பல்லால் கடிக்கப் போனாள்.