பல்லைப் பார்த்தார்கள், இதயத்தைப் பார்த்தார்கள்

2014ஆம் ஆண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்த அன்று, அடுத்து மருந்து ஏற்றும் கீமோ பிரிவில் பெயர் பதிவதற்காக அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பெயர், வயது 33, எடை, உயரம், சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா. "திருமணம்?" என்றார். "இல்லை" என்றேன். அடுத்த கட்டத்தில் 'குழந்தைகள்' என்று அச்சிட்டிருந்தது. அதை அவர் கேட்கவேயில்லை. பேனாவால் ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. மணமாகாத பெண்ணிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பார். ஆனால் அந்தக் கோடு இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. என் சிகிச்சை முழுவதிலும் குழந்தை என்ற பேச்சுக்குப் பக்கத்தில் யாராவது வந்தார்கள் என்றால், அது அந்த ஒரு கோடு போடுகிற நேரம்தான்.

அறுவை சிகிச்சைக்கும் முதல் கீமோவுக்கும் நடுவில் எனக்கு 24 நாட்கள் கிடைத்தன. அந்த நாட்களில் என்னென்ன நடந்தது என்று சொல்கிறேன். பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். கீமோ தொடங்கிய பிறகு பல்லில் சீழ் வைத்தால் ஆபத்து என்று ஒரு சொத்தைப் பல்லை அடைத்தார்கள். இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள். ஏற்றப்போகும் மருந்து இதயத் தசையைப் பலவீனமாக்கலாம் என்பதால். கல்லீரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள் எல்லாவற்றுக்கும் பரிசோதனை. அம்மா குலதெய்வம் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார். அத்தை விக் வாங்கக் கடைக்குக் கூட்டிப் போனார். இத்தனைக்கும் நேரம் இருந்தது. கீமோ மருந்து கருமுட்டைகளை அழிக்கலாம் என்பதால், அதற்கு முன்பே அவற்றை எடுத்துச் சேமிக்கலாம். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். என் 24 நாட்களுக்குள் தாராளமாக அடங்கியிருக்கும். சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

கீமோ வார்டில் எல்லோரும் பயப்படுவது சிவப்பு மருந்துக்குத்தான். டாக்சோரூபிசின் என்பது அதன் பெயர். செவிலியர் அதைப் பெரிய ஊசிக்குழாயில் எடுத்து வருவதைப் பார்த்தாலே குமட்டும். வாய்ப்புண் வராமல் இருக்க ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அன்றைக்குச் சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும். அதன் பிறகு ஒரு பாட்டில் மாட்டுவார்கள், வெறும் தண்ணீர் போல இருக்கும். சைக்ளோபாஸ்பமைடு. அது இறங்கும்போது பெரும்பாலும் நாங்கள் தூங்கிவிடுவோம். சினைப்பையில் இருக்கும் முட்டைகளை அழிப்பதில் முன்வரிசையில் நிற்பது அந்த நிறமற்ற மருந்துதான் என்பது எனக்குத் தெரியவந்தபோது மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

மூன்றாவது கீமோவோடு மாதவிடாய் நின்றது. சிகிச்சை முடிந்தால் திரும்பி வரலாம் என்றார்கள். பலருக்கு வரவும் செய்கிறது. வயது, மருந்து, அளவு இவற்றைப் பொறுத்தது அது. எனக்கு வரவில்லை. மார்கழிக் குளிரில் உடம்பெல்லாம் தீப்பிடித்தது போல எரிந்து, நடுஇரவில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். 35 வயதுக்குள் என் அம்மா 50 வயதில் கடந்ததை நான் கடந்துவிட்டேன்.

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே தன் சினைப்பையில் 10 முதல் 20 இலட்சம் முட்டைகளோடு பிறக்கிறாள். பூப்படையும்போது அதில் சில இலட்சம் மிஞ்சுகிறது. அதற்கு மேல் புதிதாக எதுவும் உருவாவது கிடையாது. இருப்பு கரைந்துகொண்டேதான் போகும். இதைப் பள்ளியில் ஏதோ ஒரு வகுப்பில் படித்திருப்போம். புற்றுநோய் வார்டில் மட்டும் இந்தக் கணக்கை எடுத்துப் பேச எல்லோருக்கும் கூச்சம்.

குழந்தை பெறும் திறனைக் காத்து வைக்கும் வழிகளெல்லாம் நேற்று கண்டுபிடித்த வித்தைகளாக இருந்தால் நான் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். உறைய வைத்த விந்தணுவால் கருத்தரிக்க முடியும் என்று அமெரிக்காவில் நிரூபித்தது 1953இல். உறைய வைத்த கருவிலிருந்து முதல் குழந்தை ஆஸ்திரேலியாவில் பிறந்தது 1984இல். பெல்ஜியத்தில் நிணநீர்ப் புற்றுநோய் வந்த ஓர் இளம்பெண்ணின் சினைப்பைத் திசுவை 1997இல் கீமோவுக்கு முன்பாகவே எடுத்து உறைய வைத்தார்கள். குணமான பிறகு அதைத் திரும்பப் பொருத்தி, 2004இல் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஊசி போட்டு முட்டை வளரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கும், இன்னும் பூப்படையாத சிறுமிகளுக்கும் இருக்கும் வழி அது. சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் இதைப் பேச வேண்டும் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2006இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. என் கையில் ஊசி ஏறுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு.

கருமுட்டைகளைச் சேமிக்க முன்பெல்லாம் மாதவிடாய் தொடங்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். இப்போது சுழற்சியின் எந்த நாளிலும் முட்டையை வளர்க்கும் ஊசிகளைத் தொடங்குகிறார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, நடுநடுவே ஸ்கேன், பிறகு மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துவிடுவார்கள். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் என்றால், ஊசிகளால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறாமல் இருக்க லெட்ரோசோல் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு கொடுப்பதாக இருந்தால், கதிர் படாத இடத்துக்குச் சினைப்பையை நகர்த்தித் தைத்து வைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு.

எல்லோருக்கும் எல்லாம் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். தீவிர இரத்தப் புற்றுநோய் என்றால் இரண்டு வாரம் என்ன, சில நேரம் இரண்டு நாள்கூடக் காத்திருக்க முடியாது. சேமித்த முட்டை ஒவ்வொன்றும் குழந்தையாகிவிடாது. அப்படி உறுதி கொடுக்கிறவரை நம்பவும் வேண்டாம். ஆனால், முடியாது என்று சொல்வதற்குக்கூட யாராவது வாயைத் திறந்து பேசியிருக்க வேண்டும் அல்லவா?

நான் இப்போது வாரத்தில் ஒரு நாள் ஒரு மருத்துவமனையில் புதிய நோயாளிகளோடு பேசும் தன்னார்வலராக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பையன் வந்தான். 22 வயது, விரைப் புற்றுநோய். மறுநாள் அறுவை சிகிச்சை, அதைத் தொடர்ந்து கீமோ. நன்றாகக் குணமாகக்கூடிய புற்றுநோய்களில் அது ஒன்று என்பதாலேயே பின்னால் வரப்போகும் வாழ்க்கையைப் பற்றிப் பேசியாக வேண்டும். விந்தணுவைச் சேமிப்பது பற்றி நான் சொன்னதும் அவனுடைய அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "முதலில் உயிர் பிழைக்கட்டும் அம்மா. ஒரு பெண்பிள்ளை நீங்கள், என் மகனிடம் இதைப் பேசலாமா?" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, நான் கொடுக்கிறேன்" என்றான்.

சேமிப்பு மையம் வேறு இடத்தில் இருந்தது. பையனை வார்டிலிருந்து வெளியே அனுப்ப முடியவில்லை. வார்டிலேயே மாதிரி எடுத்து, உடல் சூடு குறையாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். அந்த அப்பாதான் எடுத்துப் போனார். மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் குப்பி. அதைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பொத்தானைக் கழற்றி, பனியனுக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வழியெல்லாம் ஒரு கையை நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை என்று கூடப் போன மருத்துவமனை ஊழியர் சொன்னார். அந்தப் பையன் இன்று நலமாக இருக்கிறான். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சேமிப்புக் கட்டணத்தின் தேதியை அந்த அப்பா எல்.ஐ.சி. பிரீமியத் தேதிக்குக் கீழே டைரியில் குறித்து வைத்திருக்கிறார்.

'உயிர் பிழைத்தால் போதும்' என்று வீட்டார் சொல்வது அன்பால்தான். என் அம்மாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் போதுமா போதாதா என்று சொல்ல வேண்டியவள் நான். பிழைத்து எழுந்த பிறகு நாற்பது ஐம்பது ஆண்டு வாழப்போவது நோயாளி. அந்த ஆண்டுகளில் 'உனக்கு எத்தனை குழந்தை?' என்ற கேள்வியைக் கல்யாண வீட்டிலும் ரயிலிலும் எதிர்கொள்ளப் போவதும் அவள்தான். மலடி என்ற சொல்லை இன்னமும் கூசாமல் சொல்கிற ஊரில்தான் நாம் இருக்கிறோம்.

இன்னொரு பயமும் வீடுகளில் உண்டு: கர்ப்பம் தரித்தால் நோய் திரும்ப வந்துவிடும் என்று. மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள், ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு மாத்திரை எடுத்த பிறகு, கருத்தரிப்பதற்காகத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. குறுகிய காலத்தில் அவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. நீண்டகாலக் கண்காணிப்பு தொடர்கிறது. இதையும் மருத்துவர் வாயால் கேட்டால்தான் வீட்டில் நம்புவார்கள்.

மருத்துவர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவருக்கு நேரம் ஏது? அதனால்தான் இதை மருத்துவரின் நல்ல மனதுக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். குழந்தை பெறும் திறனைக் காப்பது பற்றிய கேள்வி படிவத்திலேயே இருக்க வேண்டும். செவிலியர் கேட்க வேண்டும். மணமானவரா என்று பார்க்காமல், ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கிறதே என்று முடிவுகட்டாமல் கேட்க வேண்டும். பதின்வயதுப் பிள்ளை என்றால் பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு ஒரு முறை தனியாகவும் கேட்க வேண்டும்.

பணம்தான் பெரிய சுவர். விந்தணுச் சேமிப்பு சில ஆயிரங்களில் தொடங்கிவிடும். கருமுட்டை என்றால் இலட்சத்தைத் தாண்டும். அறுவை சிகிச்சைக்கே நகையை அடகு வைத்த குடும்பம் எங்கே போகும்? கீமோவால் விழும் முடிக்கு விக் தானம் செய்ய ஆளிருக்கிறது. கீமோவால் போகும் முட்டைக்கும் அரசுக் காப்பீட்டில் ஓர் இடம் வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. பல் அடைத்ததும் எக்கோ எடுத்ததும் எப்படிச் சிகிச்சையோ, இதுவும் சிகிச்சைதான்.

படிவத்தைப் பற்றி இன்னும் ஒன்று. டெல்லியில் நிணநீர்ப் புற்றுநோய் வந்த இளைஞர் ஒருவர் 2020இல் கீமோவுக்கு முன் விந்தணுவைச் சேமித்துவிட்டு, சில மாதங்களில் இறந்துபோனார். மணமாகாதவர். பெற்றோர் அதைக் கேட்டபோது மருத்துவமனை கொடுக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தபோது 2024 அக்டோபர் ஆகிவிட்டது. கையெழுத்து வாங்கும்போதே, 'எனக்கு ஏதேனும் ஆகிவிட்டால் இதை என்ன செய்வது' என்ற கேள்வியையும் கேட்டு, அவரவர் விருப்பத்தை அவரவர் கையாலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். கொடூரமான கேள்வி என்று தோன்றலாம். கேட்காமல் விட்டதால் அந்தப் பெற்றோர் நான்கு ஆண்டுகள் அலைந்தார்கள்.

போன மாதம் நான் போகும் மருத்துவமனையின் மூத்த செவிலியர் ஒருவர் என்னை அழைத்தார். புதிய நோயாளிக்கான படிவத்தை மாற்றி அச்சிடப் போகிறார்களாம். இந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்டால் யாருக்கும் மனம் நோகாது என்று கேட்டார். இரண்டு மூன்று விதமாக எழுதி அடித்துவிட்டு, கடைசியில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'இந்தச் சிகிச்சையால் குழந்தை பெறும் திறன் பாதிக்கப்படலாம். அதைக் காத்து வைக்கும் வழிகளைப் பற்றி இப்போதே பேச விரும்புகிறீர்களா?' கீழே மூன்று கட்டங்கள். ஆம். இல்லை. எனக்கு இன்னும் தெரியவில்லை, ஆனால் சொல்லுங்கள்.

மூன்றாவது எதற்கு என்று அந்தச் செவிலியர் கேட்டார். 33 வயதில் என்னிடம் கேட்டிருந்தால் அதைத்தான் குறித்திருப்பேன் என்றேன்.