டேங்க் நிரப்பிய மறுநாள்

பழைய காரில், டேங்குக்குள் இருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃப்யூயல் பம்ப் சாவதற்கு நாள் பார்க்கும் போலிருக்கிறது. டேங்க் நிறைய பெட்ரோல் போட்ட மறுநாளே போய்விட்டது. சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி ‘ங்ங்’ என்று முனகுமே, அந்தச் சத்தம் இல்லை. ஃப்யூஸ், ரிலே இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. சரி, சீட்டைத் தூக்கினால் பம்பை எடுக்க மூடி ஒன்று இருக்கும் என்று பார்த்தேன், வெறும் தகரம். டேங்கையே இறக்க வேண்டுமாம்! பெட்ரோலை வடிப்பதற்கே பாதி நாள். அப்புறம் பம்பைப் பிடித்திருக்கும் வளையம் துருவேறி அசையமாட்டேன் என்றது. தீப்பொறி பறக்குமோ என்று சுத்தியலையும் ஓங்க முடியாது. மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றினால், உள்ளே இருந்தது கைக்குள் அடங்கும் ஒரு சமாச்சாரம். அதைக் குளிரவைப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தானாம். மாதக்கணக்கில் ரிசர்விலேயே ஓட்டியது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.