யார் செய்ய வேண்டும் என்று சொல்லாத விதி

போன மாதம் எங்கள் குழுவின் மூன்று நாள் வேலை ஒரே ஒரு வாக்கியத்தால் வீணானது.

இரண்டு நிறுவனங்களின் சர்வர்கள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான ஸ்பெக்கில், அதாவது இரு தரப்பும் பின்பற்ற வேண்டிய தொழில்நுட்ப விதிகளின் ஆவணத்தில், இருந்த வாக்கியம் அது. ஆங்கிலத்தில் இருந்த ஒரு விதியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நேரக் குறிப்பு இல்லாத செய்தி, கீழ்க்கண்ட விலக்குகள் பொருந்தாத நிலையில், நிராகரிக்கப்பட வேண்டும்." அவர்கள் சர்வர் தடுத்துவிடும் என்று நாங்கள் இருந்தோம். நாங்கள் தடுப்போம் என்று அவர்கள் இருந்தார்கள். நேரக் குறிப்பு இல்லாத செய்திகள் உள்ளே வந்து, எது முந்தி வந்தது, எது பிந்தி வந்தது என்று தெரியாமல் சோதனை முழுவதும் குழம்பிப்போனது.

சிங்கப்பூர் தேக்காவில் தே குடித்துக்கொண்டே, புதிதாகச் சேர்ந்த மதுரைத் தம்பி ஒருவரிடம் அந்த விதியைத் தமிழில் சொன்னேன். "சரிண்ணே, யாரு ரிஜெக்ட் பண்ணணும்? நாமளா, அவங்களா?" என்றார். எட்டுப் பேர் படித்து ஒப்புக்கொண்ட ஸ்பெக். எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. பேச்சுத் தமிழில் யாரும் "நிராகரிக்கப்பட வேண்டும்" என்று சொல்வதில்லை. வாய்விட்டுச் சொன்னதும், செய்பவர் யார் என்பது விடுபட்டிருப்பது தெரிந்துவிட்டது.

ஆங்கில ஸ்பெக்கில் மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (செய்வது நல்லது), மே (விரும்பினால் செய்யலாம்) ஆகிய சொற்களைப் பெரிய எழுத்தில் போட்டால் விதி தெளிவாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அச்சொற்களின் பொருளை 1997இல் ஆர்எஃப்சி 2119 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வரையறுத்தது. பெரிய எழுத்தில் இருந்தால்தான் அந்தப் பொருள் என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. அருமையான வேலை. ஆனால் அச்சொற்கள் எவ்வளவு கட்டாயம் என்பதைத்தான் சொல்லும், யாருக்குக் கட்டாயம் என்பதை எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். ஷுட் இன்னும் சிக்கலானது. தக்க காரணம் இருந்தால், விளைவுகளை முழுதாக எடைபோட்டுப் பார்த்து, அந்த விதியைக் கைவிடலாம் என்பது அதன் பொருள். எப்போது கைவிடலாம் என்று ஒரு வரி எழுதாவிட்டால், படிப்பவர் "முடிந்தால் செய்" என்றே எடுத்துக்கொள்கிறார்.

இணையப் பக்கங்களைக் கேட்டுப் பெறுவதற்கான எச்டிடிபி 1.1 ஸ்பெக்கைப் பாருங்கள். ஒவ்வொரு கோரிக்கையிலும் கிளையன்ட், அதாவது பிரவுசர் போலக் கேட்கும் தரப்பு, எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் தலைப்பை அனுப்பியாக வேண்டும். அது இல்லாத கோரிக்கைக்கு சர்வர் 400 (தவறான கோரிக்கை) என்று பதில் தந்தாக வேண்டும். யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. சோதனை எழுதுபவர் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

துல்லியம் வேண்டுமென்றால் வாக்கியம் நீளத்தான் செய்யும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்களைக் குழப்பியது நீண்ட வாக்கியம்தான், அதில் துல்லியமும் இல்லை.

அப்புறம் அந்த விதியை மூன்றாக உடைத்து, தனித்தனி எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் "அனுப்பும் சர்வர்" அல்லது "பெறும் சர்வர்" என்று தொடங்கி எழுதி அனுப்பினேன். விலக்குகளை விதிக்கு முன்னால் கொண்டுவந்தேன். எதிர்த்தரப்பிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது: மூன்றாவது விதியில் பெறும் சர்வர் எவ்வளவு நேரத்துக்குள் பதில் தர வேண்டும்? அதை நாங்கள் யாருமே அதுவரை முடிவு செய்திருக்கவில்லை.